ஏர் பாட்டிலில் எவ்வளவு மிச்சம்? விண்வெளி விபத்துகளிலிருந்து ஒரு கப்பல் இன்ஜினியர் எடுத்துக்கொண்டவை

நான் சரக்குக் கப்பலில் வேலை செய்யும் மரைன் இன்ஜினியர். இன்ஜின் ரூமுக்குப் புதிதாக வரும் பையன்களிடம் பிளாக்அவுட் (கப்பல் முழுக்கக் கரண்ட் போவது) பற்றிப் பேசும்போது எடுத்த எடுப்பில் ஜெமினி 8 என்ற அமெரிக்க விண்கலத்தின் கதையைத்தான் சொல்வேன். முழிப்பார்கள். கப்பலுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று ஒருவன் கேட்டே விடுவான். பொறு, வருகிறேன் என்பேன்.

1966 மார்ச் 16. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8-இல் போய், ஏற்கெனவே மேலே சுற்றிக்கொண்டிருந்த அஜீனா என்ற ஆளில்லாக் கலத்தோடு தங்கள் கலத்தை இணைத்தார்கள். விண்வெளியில் இரண்டு கலங்கள் இணைந்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டும் சேர்ந்து தானாக உருள ஆரம்பித்தன. தரை நிலையங்களோடு பேச முடியாத பகுதியில் அப்போது பறந்துகொண்டிருந்தார்கள். அஜீனாவின் மேல் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. அது ஏதாவது வம்பு செய்தால் அணைத்துவிட்டு உங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று தரையிலிருந்து சொல்லியும் வைத்திருந்தார்கள். அதனால் உருளத் தொடங்கியதும் பழி நேராக அஜீனா மேல் விழுந்தது. அணைத்தார்கள், கொஞ்சம் அடங்கியது போல இருந்தது, மறுபடி தொடங்கியது. சரி, கழற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று பிரிந்தார்கள். பிரிந்ததும் ஜெமினி இன்னும் வேகமாகச் சுழன்றது! ஏனென்றால் கோளாறு அஜீனாவில் இல்லவே இல்லை, கலத்தைத் திருப்பும் சிறு ராக்கெட்டான த்ரஸ்டர்களில் ஜெமினியின் சொந்த எட்டாம் நம்பர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது, இவ்வளவு நேரம் சுழற்சியைக் கொஞ்சம் அமுக்கி வைத்திருந்த அஜீனாவின் எடையும் இப்போது போய்விட்டது. ஏறக்குறைய விநாடிக்கு ஒரு சுற்று. பார்வை மங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இருவருக்கும் நினைவு தப்பியிருக்கும்.

ஆம்ஸ்ட்ராங் அந்த த்ரஸ்டர் தொகுதி முழுவதையும் அணைத்தார். பூமிக்கு இறங்கும்போது மட்டும் பயன்படுத்துவதற்கென்று கலத்தின் மூக்கில் இருந்த வேறொரு தொகுதியைத் திறந்து, அதை வைத்துச் சுழற்சியை நிறுத்தினார். நின்ற பிறகுதான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எட்டாம் நம்பரைக் கண்டுபிடித்தார்கள். இதற்குள் இறங்குவதற்கான எரிபொருளில் முக்கால் பங்கு காலி. அந்தத் தொகுதியைத் தொட்டுவிட்டால் உடனே திரும்ப வேண்டும் என்பது விதி. மூன்று நாள் பயணம் பதினோரு மணி நேரத்துக்குள் முடிந்தது, ஸ்காட் போயிருக்க வேண்டிய விண்நடையும் போயிற்று. பசிபிக்கில் ஓகினாவாவுக்குக் கிழக்கே இறங்கி, போர்க்கப்பல் வந்து சேரும்வரை அலையில் ஆடிக்கொண்டு கிடந்தார்கள்.

இனி என் கதை. அப்போது நான் தேர்ட் இன்ஜினியர். இந்தியக் கப்பல்களில் இந்தி பேசும் ஆட்கள் தீன் சாப் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேரம், அரபிக்கடல், நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு என் வாட்ச், அதாவது என் காவல் முறை. இரண்டாம் நம்பர் ஜெனரேட்டர் லோடில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் அந்த வாரம் முழுக்கவே சரியில்லை, ஹேண்ட் ஓவர் புத்தகத்தில் எல்லோரும் மாற்றி மாற்றி அதைத்தான் எழுதி வைத்திருந்தோம். திடீரென்று விளக்குகள் மங்கின, டிரிப் ஆனது, பிளாக்அவுட். மெயின் இன்ஜினும் நின்றது. ஓடிக்கொண்டிருந்த எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுபோனால் இன்ஜின் ரூமில் வரும் அந்த நிசப்தத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகி, அரைகுறை வெளிச்சம் வந்தது. ஸ்டாண்ட்பையில் இருந்த ஒன்றாம் நம்பரும் ஸ்டார்ட் ஆகி லோடை எடுத்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதுவும் செத்துவிட்டது.

செகண்ட் இன்ஜினியர் தூக்கத்திலிருந்து அப்படியே ஓடி வந்தார். மூன்றாம் நம்பரைப் போடலாமா, ஒன்றாம் நம்பரையே திரும்ப முயலலாமா என்று பேச்சு நடக்கும்போது, மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆயிலராக இருந்த தூத்துக்குடி அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், ரெண்டும் ஒரே மாதிரி திக்கித் திக்கித்தான் நின்னுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யோசித்துப் பாருங்கள், கவர்னர் கோளாறு இரண்டாம் நம்பருக்கு மட்டும் சொந்தமானது. இரண்டு மெஷின் ஒரே மாதிரி சாகிறதென்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் காரணம், பொதுவாக இருப்பது டீசல் சர்வீஸ் டேங்க். செகண்ட் உடனே கையைத் தூக்கி, யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, முதலில் ஏர் எவ்வளவு இருக்கு பாருங்க என்றார்.

வெளியாட்களுக்கு ஒரு விளக்கம். கப்பல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வது அழுத்தக் காற்று. அந்தக் காற்று ஒரு பாட்டிலில் இருக்கிறது, கம்ப்ரசர் ஓடினால்தான் அது நிறையும், கம்ப்ரசர் ஓட கரண்ட் வேண்டும், கரண்ட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும். எமர்ஜென்சி ஏற்பாட்டில் காற்று ஏற்ற வழி உண்டு, ஆனால் அது மெதுவான வேலை, கப்பலோ அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உருளத் தொடங்கியிருந்தது. காரணம் தெரியாமல் ஸ்டார்ட் பட்டனை அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் வீடு திரும்பும் காசைச் செலவழிக்கிறீர்கள். சர்வீஸ் டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்தால் டீசல் வரவில்லை, தண்ணீர் வந்தது. அடியில் கிடந்தது ரோலிங்கில் கலங்கி லைனுக்குள் ஏறியிருந்தது. வடித்து, ஃபில்டரைச் சுத்தம் செய்து, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, மூன்றாம் நம்பரை ஒரே தடவைதான் அமுக்கினோம். இந்தத் தடவை சாகவில்லை, சீராக ஓடி லோடை எடுத்துக்கொண்டது!

அந்த விடுப்பில் வீட்டில் இருந்தபோதுதான் நாசாவின் பழைய பயண அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன், விடவே முடியவில்லை. ஜெமினி 8 படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதே அச்சு. முன்கூட்டியே கெட்ட பெயர் வாங்கிய மெஷின், உண்மையான காரணம் வேறெங்கோ, நடுவில் குறைந்துகொண்டே போகும் மிச்சம். ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஒரு துப்பு கிடைத்திருந்தது. இணைந்திருக்கும்போதே தன் கலத்தின் எரிபொருள் முப்பது சதவீதத்துக்கு இறங்கியதை அவர் பார்த்தார், தப்பு நம் பக்கமாகவும் இருக்கலாமே என்று அங்கேதான் சந்தேகம் திரும்பியது. எங்களுக்கு அதைச் சொன்னது ஆயிலர் அண்ணன். அதனால் என் வாட்ச்சில் இப்போது ஒரு பழக்கம்: எதையாவது குற்றவாளி ஆக்கும் முன் "வேறு எதுவும் இதே மாதிரி செய்கிறதா" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு வந்த கேடட்டிடமும் கேட்பேன், கிளீனரிடமும் கேட்பேன், ஏனென்றால் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவனைவிட மெஷின் பக்கத்தில் நிற்பவன் காதுக்கு அதிகம் தெரியும்.

அப்பல்லோ 13 எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் எல்லோரும் பேசுவது அந்த டேப் ஒட்டிய பெட்டியைப் பற்றி மட்டும்தான். 1970 ஏப்ரல் 13, பூமியிலிருந்து மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், இரண்டாம் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. ஜிம் லவல், ஜாக் ஸ்விகர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் முதலில் இதை நம்பவில்லை, ஒரே நேரத்தில் இத்தனை கோளாறு எப்படி வரும், கருவி பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தார்கள். லவல் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏதோ வாயு வெளியே பீய்ச்சிக்கொண்டு போகிறது என்று சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. அங்கே பொறுப்பில் இருந்த ஜீன் கிரான்ஸ் தன் ஆட்களிடம் கேட்ட ஒரு கேள்வி பதிவில் இருக்கிறது, கலத்தில் இப்போது நன்றாக இருப்பது என்னென்ன என்று. என்ன போச்சு என்று அல்ல. நான் அந்த இரவு என் செகண்ட் கேட்டதையும் இதையும் ஒரே கேள்வியாகத்தான் எண்ணுகிறேன்.

நன்றாக இருந்தது, தாய்க்கலத்தோடு இணைந்திருந்த, சந்திரனில் இறங்குவதற்கான அக்வாரியஸ் கலம். இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று செய்தது, மூன்று பேரை நாலு நாள் தாங்க வேண்டும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. மின்சாரமும் தண்ணீரும்தான் இழுபறி. குடிக்கும் தண்ணீரைச் சொல்லவில்லை, கருவிகளைக் குளிர்விக்கும் தண்ணீர். அதனால் ஆட்கள் குடிப்பதையே சுருக்கினார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கணக்கு. ஹெய்ஸ் கடைசியில் சிறுநீர்த் தொற்றோடுதான் வந்து சேர்ந்தார். மின்சாரத்தைப் பன்னிரண்டு ஆம்பியர் வரை குறைத்தார்கள். அதன் விளைவு குளிர், தாய்க்கலத்துக்குள் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கியது, சுவரெல்லாம் ஈரம் கோத்தது, யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டி தாய்க்கலத்தில் சதுரம், அக்வாரியஸில் வட்டம், பிளாஸ்டிக் பையும் அட்டையும் உடைக் குழாயும் டேப்பும் வைத்துச் சமாளித்தார்கள் என்பது ஊரறிந்தது. எனக்கென்னவோ அதைவிடப் பெரிய வேலை, அணைத்துக் குளிர்ந்து கிடந்த தாய்க்கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்கும் வரிசையை ஹூஸ்டனில் ஜான் ஆரன் குழு எழுதியதுதான். மிச்சமிருந்த பேட்டரிக்குள் எதை முதலில், எதை அப்புறம், எதைக் கடைசிவரை தொடவே கூடாது என்று. டெட் ஷிப் நிலையிலிருந்து, அதாவது எல்லா மெஷினும் நின்று கரண்ட்டே இல்லாத நிலையிலிருந்து, கப்பலைக் கிளப்பியவர்களுக்கு இது உடனே புரியும். எங்களிடமும் அந்த வரிசை லேமினேட் செய்து சுவரில் தொங்குகிறது, ஆனால் அதைப் படித்தவன் எத்தனை பேர்? நான் வாட்ச்சுக்கு ஒருவனை அதன் முன் நிறுத்தி, கையை பட்டன் மேல் வைக்காமல் காட்டிக்கொண்டே சொல்லச் சொல்வேன்.

அந்தப் பயணத்திலிருந்து அப்படியே காப்பியடித்தவை வேறு இரண்டு. வெடித்த கொஞ்ச நேரத்தில், தாய்க்கலத்தின் வழிகாட்டிக் கருவியில் இருந்த கோணங்களை அக்வாரியஸுக்கு ஏற்ற மாதிரி லவல் மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. வெறும் கூட்டல் கழித்தல். சந்திரனைச் சுற்றி ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்தவர் அவர், இருந்தும் என் கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று ஹூஸ்டனைக் கேட்டார். பதற்றத்தில் போட்ட கணக்கை நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இன்ஜின் ரூமில் எண்ணெய் மாற்றும்போது, டேங்க் அளவு எடுக்கும்போது இரண்டாவது ஆள் தனியாகக் கணக்குப் போட வேண்டும், முதல் ஆள் சொன்ன விடையைப் பார்க்காமல். அடுத்தது ஸ்விகர்ட். தூக்கமில்லாத களைப்பில், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அக்வாரியஸைக் கழற்றிவிடும் சுவிட்சைத் தவறி அமுக்கிவிடுவோமோ என்று பயந்து, அதன் மேல் 'நோ' என்று எழுதிய காகிதத்தை ஒட்டி வைத்தார். தன் கையையே நம்பாத மனிதர்! பழுது பார்க்கும் நேரம் நான் எந்த வால்வை யாரும் தொடக்கூடாதோ அதில் மஞ்சள் டேக் கட்டுகிறேன், எனக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.

டேங்க் ஏன் வெடித்தது என்ற விசாரணை எங்கள் தொழில்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. டேங்குக்குள் இருந்த ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது, ஏவுதளத்தில் கொடுத்த மின்சாரம் 65 வோல்ட். ஏவுவதற்கு முன் ஒரு சோதனையில் டேங்கை வழக்கமான வழியில் காலி செய்ய முடியாமல், ஹீட்டரைப் பல மணி நேரம் போட்டு ஆக்சிஜனை ஆவியாக்கினார்கள். சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, உள்ளே வெப்பம் ஐந்நூறு டிகிரியைத் தாண்டி வயர்களின் டெஃப்லான் உறை கருகியது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஏன் தெரியவில்லை? அந்த மீட்டரின் அளவு 27 டிகிரியோடு முடிந்துவிடும். முள் அங்கே போய் நின்றது, 27 என்றே காட்டிக்கொண்டிருந்தது. கோடியில் போய் நிற்கும் முள் எதையும் அளக்கவில்லை என்பதை நான் கேடட்டுகளிடம் சலிக்காமல் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக் எல்லாம் போன பிறகு என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க விண்வெளி வீரர் கோர்டன் கூப்பரைச் சொல்வேன். 1963 மே, ஒருவர் மட்டும் போகும் மெர்குரி விண்கல வரிசையின் கடைசிப் பயணம், 22 சுற்று. கடைசிச் சுற்றுகளில் தானியங்கிக் கட்டுப்பாடு போயிற்று, உடைக்குள் கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்த கோடுகளைத் தொடுவானத்தோடு பொருத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஜப்பான் பக்கம் கடலில் நின்ற கப்பலிலிருந்து சக வீரர் ஜான் கிளென் எண்ணிச் சொல்லச் சொல்ல, கையாலேயே ராக்கெட்டைச் சுட்டு இறங்கினார். மீட்புக் கப்பலுக்கு ஏழு கிலோமீட்டர் பக்கத்தில் விழுந்தார். கப்பலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எமர்ஜென்சி ஸ்டியரிங் டிரில் கட்டாயம். சில கப்பல்களில் அதைப் பேனாவால் மட்டும் செய்வார்கள். வெயிலில் ஸ்டியரிங் ரூமுக்கு இறங்கி, போனில் பிரிட்ஜ் சொல்வதைக் கேட்டு, கையால் ரடரைத் திருப்பிப் பார்த்தவனுக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு ராத்திரியில் தெரியும்.

சோவியத் பக்கம் வந்தால் வோஸ்கோட் 2. 1965 மார்ச் 18, அலெக்ஸி லியோனோவ் உலகின் முதல் விண்நடை, சுமார் பன்னிரண்டு நிமிடம். வெற்றிடத்தில் உடை உப்பி, விரல் கையுறையை விட்டும் கால் பூட்ஸை விட்டும் விலகிப்போனது. அப்படியே உள்ளே நுழைய முடியாது. தரையைக் கேட்காமல் உடையின் அழுத்தத்தைத் தானே குறைத்தார், காலை முதலில் விட வேண்டும் என்ற முறையையும் மீறித் தலையை விட்டு நுழைந்து, ஒரு மீட்டர் அகலக் குழாய்க்குள் வளைந்து திரும்பிக் கதவை மூடினார். கேட்டிருந்தால் விவாதம் நடந்திருக்கும் என்று பின்னாளில் காரணம் சொன்னார். இதை நான் ஜூனியர்களிடம் ஜாக்கிரதையாகத்தான் சொல்வேன், எல்லோரும் லியோனோவ் ஆகிவிடக் கூடாது பாருங்கள். அவர் அந்த உடையை ஆணிவேர்வரை அறிந்தவர், அதனால் மீறினார்.

அதோடு தீரவில்லை. அறைக்குள் ஆக்சிஜன் அளவு ஏறி, ஒரு பொறி பறந்தால் எல்லாம் தீர்ந்தது என்ற நிலை. அப்புறம் தானியங்கி இறங்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. கலத்தின் கமாண்டர் பாவெல் பெல்யாயெவ் கையால் கலத்தைத் திருப்ப வேண்டும், ஆனால் பார்க்கும் கருவி இருக்கைக்குக் குறுக்காக இருந்ததால் இரண்டு இருக்கைக்கும் குறுக்கே படுத்துக் குறி பார்த்தார், லியோனோவ் அவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் தங்கள் இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் எஞ்சினைச் சுடலாம், இல்லையென்றால் எடைச் சமநிலை கெடும். அதில் போனது முக்கால் நிமிடம். விநாடிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அதுவே முந்நூற்று ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. பெர்ம் பகுதியின் அடர்ந்த காட்டில், பனியில், மரங்களுக்கு நடுவில் போய் விழுந்தார்கள்.

ஹெலிகாப்டர் கண்டுபிடித்தும் இறங்க இடமில்லை. மேலிருந்து துணியும் பூட்ஸும் கோடரியும் போட்டார்கள், ஒரு காக்னாக் பாட்டில்கூடப் போட்டார்களாம், அது உடைந்துவிட்டது. லியோனோவின் உடைக்குள் வியர்வை தேங்கிக் கிடந்தது, அப்படியே இருந்தால் இரவில் உறைந்திருப்பார்கள். இருவரும் எல்லாவற்றையும் கழற்றி, உள்ளாடையைப் பிழிந்து, உடையின் விறைப்பான மேல் பாகத்தை எறிந்துவிட்டு மென்மையான உள் பாகத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, பாராசூட் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மறுநாள் மீட்பாளர்கள் ஸ்கீயில் வந்து, மரம் வெட்டி ஒரு குடில் கட்டி நெருப்பு மூட்டினார்கள். அதற்கும் அடுத்த நாள் ஸ்கீயில் போய்த்தான் ஹெலிகாப்டர் ஏறினார்கள். கரடி ஓநாய் பயம் வேறு. பின்னாளில் சோவியத் வீரர்களின் உயிர்காப்புப் பெட்டிக்குள் மூன்று குழல் துப்பாக்கி வந்ததற்கு லியோனோவின் இந்த அனுபவமும் ஒரு காரணம். லைஃப்போட் பயிற்சியில் நான் இந்த வியர்வைக் கதையைத்தான் சொல்வேன். குளிர்ந்த கடலில் உடலைக் காக்கும் இம்மர்ஷன் சூட்டுக்குள் காய்ந்த, கெட்டியான உடை போடு, போட்டுக்கொண்டு ஓடி வேர்க்காதே என்று. தப்பித்த பிறகு சாவதற்குக் குளிர் போதும்.

தப்பிக்காதவர்களையும் சொல்ல வேண்டும். 1971 ஜூன் 30, சோயுஸ் 11. தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ். கலத்தின் பகுதிகள் பிரியும்போது ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று முழுக்க வெளியேறியது. கையால் மூடலாம், ஆனால் மூடி முடிக்கும் நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கலம் ஒழுங்காக வந்து இறங்கியது, திறந்து பார்த்தால் மூவரும் இருக்கையில் இறந்திருந்தார்கள். அழுத்த உடை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். மூன்று பேரை உள்ளே வைத்தால் உடையோடு உட்கார இடமில்லை என்று உடையை விட்டிருந்தார்கள். அதன் பிறகு சோயுஸில் பல வருடம் இரண்டு பேர்தான் போனார்கள், உடையோடு. மற்ற எல்லாக் கதைகளிலும் யாரோ முன்கூட்டியே கொஞ்சம் அதிகம் வைத்திருந்தார்கள், மூக்கில் தனி த்ரஸ்டர், கூடவே இன்னொரு கலம், ஜன்னலில் கோடு. இங்கே அது இல்லை, எவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் எடுத்துச் செலவழிக்க ஒன்றும் இல்லை.

ஆகவே ஸ்பேர்ஸ் (உதிரிப் பாகங்கள்) விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன் என்று பெயர். போன ஒப்பந்தத்தில் எமர்ஜென்சி ஜெனரேட்டருக்கு இரண்டாவது செட் ஸ்டார்ட்டிங் பேட்டரி கேட்டு எழுதினேன், இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. சோயுஸைப் பற்றியெல்லாம் ஆஃபீஸுக்கு எழுத முடியாது. பேட்டரியின் வோல்டேஜ் ரீடிங்கை வாரா வாரம் தேதி போட்டுப் போட்டோ எடுத்து மெயிலில் இணைத்துக்கொண்டே இருந்தேன், சீஃப் இன்ஜினியரையும் சிசியில் போட்டேன். அமீரகத்தின் ஃபுஜைராவில் எரிபொருள் நிரப்ப நின்றபோது ஏஜென்ட் படகில் வந்து சேர்ந்தது, டெர்மினல் கிளாம்ப் மட்டும் இல்லாமல்.